மாடிப்படியில் நின்று பாடியவர்

டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் நண்பர் ஒருவர் சிரித்தார். "அந்த அம்மாள் பாடியதெல்லாம் அநேகமாகப் பிறர் எழுதிய பாட்டு, பிறர் போட்ட மெட்டு. மூன்று நிமிஷத்துக் காதல் புலம்பல்கள். இதிலே விமரிசனம் பண்ண என்ன இருக்கிறது?" என்றார்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒருத்தி காதலித்தாள், கைவிடப்பட்டாள் என்பதைவிடப் பழைய கதை உலகத்தில் ஏது? யார் அதைச் சொல்கிறார்கள், எந்தத் தொனியில் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில்தான் பழைய கதை புதிய கதையாகிறது. டஸ்டியின் பாட்டுகளில் பேசுகிற பெண் யார் என்று கவனித்தால், நண்பரின் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் மேரி ஓ'ப்ரையன். லண்டனில் குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1939-ல் பிறந்தவர். அண்ணனோடு சேர்ந்து 'ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ்' என்ற கோஷ்டியில் நாடோடிப் பாட்டுப் பாணியில் பாடிப் பெயர் வாங்கினார். 1962-ல் அமெரிக்காவில்கூட அந்தக் கோஷ்டியின் இசைத்தட்டு ஒன்று நன்றாக விற்றது. நியூயார்க்கில் எக்ஸைட்டர்ஸ் என்ற நீக்ரோ கோஷ்டியின் இசைத்தட்டு ஒன்று தற்செயலாகக் காதில் விழுந்ததுதான் தன் திருப்பம் என்று அவர் சொல்வதுண்டு. நன்றாக நடந்துகொண்டிருந்த கோஷ்டி 1963-ல் கலைந்தது. அவர் தனியாக நின்றார். வருஷக் கடைசியில் வந்த முதல் தனித் தட்டு, 'ஐ ஒன்லி வாண்ட் டு பி வித் யூ', உடனே வெற்றி பெற்றது.

இதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். உயர்ந்தார், தாழ்ந்தார், கடைசியில் கைதூக்கிவிடப்பட்டார். திறமைசாலி, ஆனால் சிடுமூஞ்சி. எதிலும் திருப்தியில்லாமல் தன்னையே கெடுத்துக்கொண்டவர். கேட்பதற்கு உருக்கமான கதைதான். ஆனால் அவருடைய வேலையை இந்தக் கதை மறைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

வேலை என்று நான் சொல்வது இதுதான். அந்நாளில் லண்டன் ஸ்டூடியோக்களில் வாத்தியம் வாசித்தவர்களுக்கு, டெட்ராய்டிலிருந்து வந்த மோடவுன் தட்டுகளின் தாள ஓட்டம் பழக்கமில்லை. டஸ்டி அந்தத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஊறிப்போனவர். பாஸ் கிடார் எப்படிப் போக வேண்டும், டிரம் எங்கே விழ வேண்டும் என்று அவரே நின்று சொல்லிக் கொடுத்தார். தன் பாட்டை ஒவ்வொரு அடியாக, சில சமயம் ஒவ்வோர் அசையாகக்கூடப் பாடிச் சேர்த்தார். இது தயாரிப்பாளர் செய்ய வேண்டிய காரியம். ஆனால் அந்தத் தட்டுகளில் தயாரிப்பாளர் என்று அச்சாகியிருப்பது ஜானி ஃபிரான்ஸின் பெயர். இதே காரியத்தை ஓர் ஆண்பிள்ளை செய்தால் மேதை என்கிறோம். டஸ்டி செய்தபோது பிடிவாதக்காரி என்றார்கள்.

1966-ல் வந்த 'யூ டோண்ட் ஹாவ் டு சே யூ லவ் மீ' இதற்கு நல்ல உதாரணம். அது இத்தாலியப் பாட்டு. பீனோ டொனாஜியோ இயற்றியது. 1965-ல் சான் ரேமோ சங்கீத விழாவில் கேட்டு டஸ்டி கண்கலங்கினாராம். ஒரு வருஷம் கழித்து, பாட்டெழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாத இரண்டு நண்பர்கள் அவசர அவசரமாக இங்கிலீஷில் வார்த்தை போட்டார்கள். வார்த்தைகளில் விசேஷம் ஒன்றுமில்லை. ஸ்டூடியோ அறையின் ஒலி டஸ்டிக்குப் பிடிக்கவில்லை. வெளியே மாடிப்படிகளில் மைக்கைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லி, அங்கே நின்று பாடினார். நாற்பத்தேழு தடவை பாடிய பிறகுதான் திருப்தி ஏற்பட்டதாம். இங்கிலாந்தில் முதலிடம் பெற்ற அவருடைய தனித் தட்டு அது ஒன்றுதான்.

தட்டைக் கேட்டால் அந்த மாடிப்படி எதற்கு என்று புரிகிறது. குரலைச் சுற்றி ஒரு வெற்றிடம் இருக்கிறது. காலி வீட்டில் ஒருத்தி பேசுகிற மாதிரி. அவள் கெஞ்சுகிறாள். ஆனால் தான் கெஞ்சுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தே கெஞ்சுகிறாள். ஆகையால் அவளிடம் நமக்கு இரக்கம் வரவில்லை, மரியாதை வருகிறது. சாதாரண வார்த்தைகளிலிருந்து இப்படி ஒரு பாத்திரத்தை உண்டாக்குவது சிருஷ்டி அல்லவென்றால், வேறு எது சிருஷ்டி?

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். டஸ்டியின் பாணி கடன் வாங்கிய பாணி. அமெரிக்க நீக்ரோ பாடகிகளிடமிருந்து அவர் கற்றுக்கொண்டதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். வெள்ளைக்காரப் பாடகர்கள் பலரும் அப்படிக் கடன் வாங்கினார்கள். டஸ்டி கடனை மறைக்கவில்லை. 1964 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது, நிறவாரியாகப் பிரித்து உட்கார வைத்த சபையில் பாட மாட்டேன் என்றார்; அந்த அரசாங்கம் அவரை வெளியேற்றியது. 1965 ஏப்ரலில் சுப்ரீம்ஸ், ஸ்டீவி வொண்டர், டெம்ப்டேஷன்ஸ் முதலியோரை இங்கிலீஷ் டெலிவிஷனில் தாமே முன்னின்று அறிமுகப்படுத்தினார். தமக்குப் போட்டியாக வரக்கூடியவர்களைத் தாமே கைப்பிடித்து மேடையேற்றுவதற்கு மனசு வேண்டும்.

அவருடைய சிறந்த படைப்பு எது என்று கேட்டால், 1969-ல் வெளிவந்த 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' என்றுதான் நானும் சொல்வேன். தயாரித்தவர்களில் முக்கியமானவர் ஜெரி வெக்ஸ்லர். அரீதா ஃபிராங்க்ளினின் தட்டுகளைத் தயாரித்தவர். அந்த அம்மாள் நின்று பாடிய நிழலிலே தான் நின்று பாட வேண்டுமா என்று டஸ்டி நடுங்கிப்போனார். மெம்ஃபிஸில் குரல் எழும்பவில்லை. வாத்தியங்கள் அங்கே பதிவாயின. டஸ்டியின் குரல் பிறகு நியூயார்க்கில்தான் பதிவாயிற்று.

பயந்த குரல் என்றால் கேட்கிறவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. 'சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்' அரீதாவை மனசில் வைத்து எழுதிய பாட்டு. அவர் முதலில் வேண்டாமென்று விட்டது. பிறகு 1970-ல் அவரும் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அரீதா ஜெயித்தவளாகப் பாடுகிறார். டஸ்டி, பழைய ரகசியம் ஒன்றை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொள்கிறவளாகப் பாடுகிறார். தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சோம்பலாக வருகிறார். உரக்கப் பாட வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார். அந்தத் தயக்கமே அங்கே கலையாகிவிட்டது.

அந்த ஒரு பாட்டு அமெரிக்காவில் பத்தாவது இடத்துக்கு வந்தது. முழுத் தொகுப்போ விற்கவில்லை. அமெரிக்காவில் 99-க்கு மேல் ஏறவில்லை, இங்கிலாந்தில் பட்டியலிலேயே வரவில்லை. இன்று அது அமெரிக்க நாட்டின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்கும் ஒலிப்பதிவுகளில் ஒன்று.

பிறகு நீண்ட இருட்டு. அமெரிக்காவில் குடியேறினார், குடி, மருந்துப் பழக்கம், விற்காத தட்டுகள். அந்த வருஷங்களைத் துருவித் துருவிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். துன்பத்தால்தான் அவர் பெரிய பாடகியானார் என்கிறவர்களை நம்பாதீர்கள். துன்பம் மிகுந்த வருஷங்களில் அவர் பாடியது குறைவு; பாடியதிலும் சோபை குறைவு. அவரைப் பாடகியாக்கியது காதும் உழைப்பும்தான்.

1987-ல் பெட் ஷாப் பாய்ஸ் என்ற இருவர், சிறுவயதிலிருந்து அவரை ரசித்தவர்கள், தங்கள் பாட்டு ஒன்றில் கூடப் பாட அழைத்தார்கள். இரண்டு நாடுகளிலும் அது இரண்டாம் இடம் பெற்றது. யந்திர வாத்தியங்களின் நடுவே அவர் குரல் நுழைகிற இடத்தில் அறைக்குள் மனுஷர் ஒருவர் வந்த மாதிரி இருக்கிறது. கடைசித் தொகுப்பு 1995-ல் வந்தது, அது சுமார்தான். புற்றுநோயால் 1999 மார்ச் 2-ஆம் தேதி, அறுபது வயது நிறைவதற்கு முன்பே காலமானார்.

நண்பருக்கு அந்த 1966-ஆம் வருஷத்துப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், "வார்த்தை சுமார்தான்," என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இன்னொரு தடவை போடுங்கள்," என்றார்.