ஊறு என்கிற பிரதி

'சும்மா ஒரு அதிர்வுதானே, இதுல என்னய்யா அரசியல்?' என்று கேட்கிறார்கள். கைபேசிச் செயலியில் விரல் பட்டதும் 'டிக்'கென்று கைக்குள் ஒன்று அதிர்கிறது. தொட்ட இடத்தில் பொத்தான் ஏதும் கிடையாது, வெறும் கண்ணாடி. 2016இல் வந்த ஐபோன் 7இன் முகப்புப் பொத்தான் அசையவே அசையாது. உள்ளிருந்த மோட்டார் ஒரு சொடுக்கை உண்டாக்க, தான் அழுத்திவிட்டதாக விரல் நம்பியது. குறிப்பான் உண்டு, குறிப்பீடு இல்லை. கண்ணையும் காதையும் ஏமாற்றுவது பழைய கதை. இப்போது தோலையும் ஏமாற்றியாச்சு.

அதே ஆண்டு ஆப்பிள் இந்த அதிர்வுகளைச் செயலி எழுதுகிறவர்களுக்குத் திறந்துவிட்டபோது கூடவே ஓர் இலக்கணத்தையும் கொடுத்தது. அறிவிப்பு அதிர்வு மூன்று வகை: வெற்றி, எச்சரிக்கை, பிழை. கடன் செயலியில் 'சம்மதம்' என்று தொடுகிற இடத்திலும் வெற்றி அதிர்வை வைக்கலாம். யாருடைய வெற்றிங்கறத அதிர்வு சொல்றதில்ல. ஆண்ட்ராய்டில் இன்னொரு வேடிக்கை. கேமராவுக்கும் மைக்குக்கும் செயலி நம்மிடம் அனுமதி கேட்டாகவேண்டும். அதிர்வுக்கான அனுமதியோ 'சாதாரண' வகை, நிறுவும்போதே கிடைத்துவிடுகிறது. உடம்பைத் தொட மட்டும் யாரையும் கேட்கவேண்டியதில்லை! அமைப்புகளுக்குள் போய் அணைத்துக்கொள்ளலாம், வாஸ்தவம். எத்தனை பேர் போகிறோம்?

தொடுபுலனுக்குத் தமிழில் ஊறு என்று பெயர். தீங்குக்கும் அதே சொல்தான். கைபேசி அதிராதபோதும் தொடையில் அதிர்வை உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். கோபுரத்தில் காவலன் இருக்கிறானா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாமலிருப்பதே போதும் என்று சிறைபற்றி 1975இல் ஃபூக்கோ எழுதினார். இங்கே கோபுரமே பைக்குள் இருக்கிறது.

இதனால் அதிர்வே கூடாது என்கிற ஆள் நானில்லை. பார்வையற்றவர் டாக்பேக் போட்டுத் திரையைத் தடவிப் போகையில், ஒவ்வொரு உருப்படி மேலும் விரல் படும்போது வரும் சிறு அதிர்வு எல்லையைச் சொல்கிறது. அங்கே அது வாசிக்கப்படுகிற எழுத்து. விருப்பக்குறிக்கு ஒன்று, இழுத்ததற்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று இறைத்துவைத்தால் அந்த எழுத்தைத்தான் முதலில் அழிக்கிறோம். நம் கண் தப்பித்துக்கொள்ளும், அவர் விரலுக்குப் போக்கிடமில்லை. பணம் போய்ச் சேர்ந்ததற்கு ஓர் அதிர்வு, சேராததற்கு வேறொன்று வையுங்கள், அவர் கடைக்காரரை நம்பிக்கொண்டு நிற்கவேண்டாம். பரிசுச் சக்கரம் சுற்றுவதற்கு எதுக்குங்க அதிர்வு?