பதினான்கு சொல் அளவுகோலும் தமிழ் ஆய்வேடும்

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், ஆய்வேட்டின் ஒப்புமையை விழுக்காட்டால் அளக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 60ஐக் கடந்தால் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும். பொது அறிவாகவோ தற்செயலாகவோ அமையும் தொடர், 14 சொற்கள் வரை நீண்டாலும் ஒப்புமைக் கணக்கில் சேராது. இந்த எண் தமிழுக்குப் பொருந்துமா என்பது போதிய அளவு விவாதிக்கப்படவில்லை.

தமிழ் ஒட்டுநிலை மொழி. ஆங்கிலம் ஐந்தாறு சொற்களால் உரைப்பதை ‘படிக்கவேண்டியிருந்ததனால்’ என்னும் ஒரே சொல் உரைத்துவிடும். குறட்பாவுக்கு ஏழு சீர். சீரைச் சொல்லாகக் கொண்டால் 14 என்பது முழுமையான இரண்டு குறட்பாக்கள். உரைநடையிலும் இவ்வளவில் ஒரு கருத்தும் அதற்குரிய காரணமும் அடங்கிவிடுகின்றன. தற்செயலென விட்டுவிடக்கூடிய அளவா இது? சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் நம் வழக்கம் எண்ணிக்கையையே மாற்றிவிடும் என்பது வேறு.

மென்பொருளின் நிலையும் இதுவே. ‘காணப்படுகிறது’ என்பதைக் ‘காணலாகின்றது’ என மாற்றினாலே சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் முறை தடுமாறும். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சான பழைய ஆய்வேடுகளும், படிமமாக மட்டுமே வருடப்பட்டவையும் அதன் கண்ணில் தமிழாகவே படுவதில்லை. எனவே குறைந்த விழுக்காட்டுச் சான்றிதழை நேர்மைச் சான்றிதழாகக் கொள்ளும் நெறியாளர் தம் கடமையைக் கருவியிடம் ஒப்படைத்தவராகிறார்.

கண்டறியும் வழி நம் பதிப்பு மரபிலேயே உள்ளது. ஒரே பிழை இரண்டு சுவடிகளில் வருமாயின் ஒன்று மற்றொன்றன் படியாகவோ, இரண்டும் ஒரே மூலத்தின் படிகளாகவோ இருக்கலாம் எனப் பதிப்பாசிரியர் ஐயுறுவர். ஆய்வேட்டுக்கும் இது பொருந்தும். நான் மதிப்பிட்ட ஓர் ஆய்வேட்டில் கணியன் பூங்குன்றனாரின் பாடலுக்குப் புறநானூறு 129 என எண் தரப்பட்டிருந்தது. அப்பாடலின் எண் 192. 129 முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடியது. இடம் மாறிய இலக்கங்கள் எவருக்கும் நேரக்கூடிய பிழையே. ஆனால் அதே பிழை, அதே மேற்கோள் வரிசையில், முந்தைய ஓர் ஆய்வேட்டிலும் இருந்தது. ஒப்புமை அறிக்கையோ அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் நின்றது. வாய்மொழித் தேர்வில், பயன்படுத்திய பதிப்பு எதுவெனக் கேட்டேன், விடை வரவில்லை.

பழியை மாணவர்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. ‘இன்னார் நாவல்களில் பெண்ணியம்’ என ஆசிரியர் பெயரை மட்டும் மாற்றித் தலைப்பு வழங்குவோர் நாம். இயல் பகுப்பு முன்பே வார்க்கப்பட்ட அச்சாக இருக்கையில் முதல் இயலை எவரும் புதிதாக எழுதுவதில்லை. தொல்காப்பியம் வழிநூலுக்கு இடம் தருகிறது. தொகுத்தலும் விரித்தலும் மொழிபெயர்த்தலும் அதன்பாற்படும். ஆயினும் வழிநூல் தன் முதனூலை மறைப்பதன்று. இவ்வேறுபாட்டை ஆய்வு முறையியல் வகுப்பில் மேற்கோள்குறி இலக்கணமாகச் சுருக்கிவிட்டோம்.

இயல்தோறும் கையெழுத்துக் குறிப்புகளையும் மூலநூற் பதிப்பையும் உடன் கொணரச் செய்து, ஒரு பக்கத்தையேனும் மாணவரோடு அமர்ந்து ஒப்பிட்டுப் படிக்கும் நெறியாளருக்குத் திருட்டு இரண்டாம் இயலிலேயே புலப்பட்டுவிடும். எட்டு மாணவரை ஒருங்கே நெறிப்படுத்தும் ஒருவருக்கு அதற்கான நேரம் எங்கிருந்து கிடைக்கும் என்பதை விதிமுறைகள் கருதவில்லை.