மௌனமான கனிகள்

அசைவற்ற பொருள்களைத் தீட்டும் ஓவிய வகையைப் பிரெஞ்சுக்காரர் ‘இறந்த இயற்கை’ என்பர். அரபு மொழியிலோ அதற்கு ‘அத்தபீஅத்துஸ் ஸாமிதா’, அதாவது ‘மௌனமான இயற்கை’ என்று பெயர். இறந்தது பேசாது, மௌனமாயிருப்பது கேட்பாரைக் கண்டால் பேசக்கூடும். இதனை மனத்திற்கொண்டு, ஒகுஸ்த் ரெனுவார் 1881இல் வரைந்த ‘தென்னாட்டுக் கனிகள்’ என்னும் ஓவியத்தை நோக்குவோம். சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள இவ்வோவியம் குறிப்பது பிரான்சின் தென்பகுதியை.

வெண்விரிப்பின்மேல் பீங்கான் தட்டு. கத்தரி, தக்காளி, குடைமிளகாய், மாதுளை, எலுமிச்சை முதலியன அதில் குவிந்துள்ளன. நிழலும் நிறமுடையது என்பது இம்ப்ரெஷனிஸ ஓவியர் கண்டுணர்ந்த உண்மை. தூத்துக்குடிக் கரையினர்க்கு இது புதிதன்று. முத்தின் வெண்மைக்குள் பல நிறங்கள் ஓடுவதை ‘நீரோட்டம்’ என்று பெயரிட்டு மதித்தவர்கள் நம் முன்னோர்.

இக்கனிகளின் பெயர்களைக் கேட்டால் அவை பேசத் தொடங்கும். கத்தரிக்கு அரபுப் பெயர் ‘பாதின்ஜான்’. அதுவே ஸ்பெயின் வழியே சென்று பிரெஞ்சில் ‘ஓபர்ஜின்’ ஆயிற்று. போர்ச்சுகீசியர் வாயிலாக இந்தியாவுக்கு ‘பிரிஞ்சால்’ எனத் திரும்பி வந்தது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்காவில் பிறந்தவை. மிளகாயை இந்தியாவிற்குக் கொணர்ந்த போர்ச்சுகீசியரே, 16ஆம் நூற்றாண்டில் முத்துச் சலாபத்தின்மீது ஆதிக்கம் கொள்ள இக்கரை முஸ்லிம்களோடு பொருதினர். ஆக, அத்தட்டில் நம் வரலாற்றின் ஒரு துணுக்கும் கிடக்கிறது.

உயிரற்றவற்றையும் மரங்களையும் வரையுமாறு ஓர் ஓவியருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அறிவுறுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அதனால் பழ ஓவியத்தை ஐயமற்ற சுவரலங்காரமாகக் கொள்வோர் நம்மிடையே பலர். ஆகுமானது என்பதோடு சிந்தனையை நிறுத்திக்கொள்வது போதுமா?

1830 முதல் பிரான்சின் பிடியிலிருந்த அல்ஜீரியாவுக்கு ரெனுவார் சென்றதும் அதே 1881இல்தான். தெற்கின் ஒளியைக் கண்டவர் அவர். ஆயின் இவ்வோவியத்தில் விதைத்த கையுமில்லை, சுமந்த தோளுமில்லை. இதற்காக ஓவியரைக் குற்றஞ்சாட்டல் முறையன்று. ஒரு கணத்தில் கண்ணுக்குப் படுவதைத் தீட்டுவது அவர் நெறி. கனி வந்த வழியை அந்தக் கணம் காட்டாது. அதுவே அந்நெறியின் எல்லை.

முத்துமாலையிலும் மூழ்கியவனின் மூச்சு தெரிவதில்லை. மன்னார் வளைகுடாவின் நம் கரையில் 1961இல் நடந்த சலாபத்தோடு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. மூழ்கியோர் நினைவும் மங்கிவருகிறது. ஓவியர் விட்ட இடத்தை நிரப்புவது காண்போர் கடன். மௌனத்தைக் கேட்கப் பழகாத கண்ணுக்கு மாதுளையும் முத்தும் வெறும் நிறங்களே.