பேசாத பிள்ளையின் பெற்றோர்

பிள்ளைத்தமிழ், குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் பாடும் இலக்கியம். 5ஆம் திங்களில் செங்கீரை. 7ஆம் திங்களில் தால். 9ஆம் திங்களில் சப்பாணி. இக்கணக்குத் தவறிய குழந்தைக்கு அங்கே பருவம் இல்லை. ஆயினும், மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடிய குமரகுருபரரே 5 வயது வரை பேசாதிருந்தவர் என்பது வழிவழி வரலாறு.

திருவைகுண்டத்துச் சண்முகசிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரி அம்மையாரும் அப்பிள்ளையைத் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்றனர். முருகன் அருளால் பேச்சு வந்தது. கந்தர் கலிவெண்பா பிறந்தது என்பர். வகுப்பில் நாமும் இவ்வற்புதத்தையே விரித்துரைக்கின்றோம். அதற்கு முந்திய 5 ஆண்டுகளை ஒரே வரியில் கடந்து விடுகின்றோம். சொல்லையே செல்வமாகக் கொண்ட கவிராயருக்குச் சொல் வராத மகன்! அயலார் வினவுந்தோறும் அத்தாய் என்ன விடை கூறியிருப்பார்?

நோயுற்ற பிள்ளையைத் தோளிற் சுமந்து மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் நடக்கும் பெற்றோர் இன்று நம் ஜொகூர்த் தோட்டங்களிலும் உளர். அவர்க்கு இவ்வரலாற்றின் முடிவை மட்டும் கூறின், ‘நம் வேண்டுதல்தான் குறைவோ?’ என்னும் குற்றவுணர்வே மிஞ்சும். ஆசிரியர்களே, பேச்சு வருமுன் அப்பெற்றோர் காட்டிய அன்பையும் கற்பியுங்கள். அதற்கு அற்புதம் சான்றாக வேண்டுவதில்லை.