காத்திருக்க வல்லவர் யார்?

ஒவ்வொரு பண்டத்தின் விலையும் மற்றெல்லாப் பண்டங்களின் விலைகளோடும் பிணைந்துள்ளது. அவை யாவும் ஒருங்கே நிலைபெறும் விலைத்தொகுதி ஒன்று உண்டு என்பதே பொதுச் சமநிலைக் கோட்பாடு. 1874இல் லியோன் வால்ரா இதனைச் சமன்பாடுகளாக வகுத்தார். கேள்வியும் நிரம்பலும் ஒத்துவரும்வரை விலையைக் கூவித் திருத்தி, அதுவரை வியாபாரத்தை நிறுத்திவைக்கும் கற்பனை ஏலக்காரர் ஒருவரைப் பின்வந்தோர் இதற்குத் துணைக்கழைத்தனர். 1954இல் கென்னத் அரோவும் ஜெராட் டெப்ரூவும், இன்னின்ன நிபந்தனைகளின் கீழ் அச்சமநிலை உண்டெனக் கணித முறையில் நிறுவினர். அந்நிறுவலின் அழகை நாம் மறுக்கவில்லை. அதன் நிபந்தனைகளையே கேள்விக்குள்ளாக்குகிறோம்.

அவற்றுள் ஒன்று, சந்தைக்கு வருமுன்னரே ஒவ்வொருவரிடமும் உயிர்வாழப் போதிய பொருள் உண்டு என்பது. எல்லாப் பண்டங்களிலும் எல்லோரிடமும் மிச்சமிருக்கும் என்ற முதல் தேற்றத்தின் எடுகோள் உண்மைக்கு ஒவ்வாதது என அவ்விருவருமே ஒப்புக்கொண்டனர். இரண்டாம் தேற்றத்தில் அந்த மிச்சத்தை உழைப்பளவில் சுருக்கினர். உயிர்வாழ்தல் பற்றிய நிபந்தனையோ அங்கும் நீங்கவில்லை.

இந்த எடுகோளை நமது ஹுன்னஸ்கிரியத் தேயிலைச் சரிவில் வைத்து உரைத்துப் பார்ப்போம். கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்கு நிலம் சொந்தமில்லை. லயத்து அறையும் சொந்தமில்லை. கோட்பாடு 'தொடக்க இருப்பு' என்று ஒரே சொல்லில் கடந்துவிடும் இவ்வெறுமைக்குப் பின்னே, மலையக மக்களை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடங்கிய ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

தேயிலைக்கோ உண்மையான ஏலக்காரரே உண்டு. கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கியது. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், 2022இன் நடுப்பகுதியில் சுமார் 360 ரூபாவானபோது, ஏலத்தில் தேயிலையின் ரூபா விலையும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அரிசியும் மாவும் விலையேறின. 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1000 ரூபாவோ 2024 வரை அசையவில்லை.

இது கோட்பாட்டின் குற்றமன்று, சந்தை விறைத்துப்போனதன் குற்றம் என்பர் அதன் காவலர். விலை திருந்தும்வரை காத்திருக்க, வீட்டில் அரிசி வேண்டும். அந்த அரிசியை எல்லோர் வீட்டிலும் முன்கூட்டியே வைத்துவிட்டுத்தான் கோட்பாடு தன் கணக்கைத் தொடங்குகிறது. இல்லாதவன் சொன்ன விலைக்கு உழைப்பை விற்கிறான், இருப்பவன் காத்திருக்கிறான்.

இக்கோட்பாட்டின் வழிவந்த மாதிரிகள் இன்று வரிக்கும் வர்த்தகத்துக்கும் கொள்கை வகுக்க உதவுகின்றன. அவற்றைக் கிழித்தெறியுமாறு நாம் கூறவில்லை. நாட்டின் நலன் உயரும் என்று ஓர் அட்டவணை சொல்லும்போது, அதில் லயத்து அடுப்பு எந்த வரியில் இருக்கிறது என்று நம் மாணவர் கேட்கப் பழகட்டும்.