சிரிக்காமல் சொல்லும் சிறுவன்

பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். அவர் முன்னால் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி ஆசிரியை பையன்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லி வைத்திருக்கிறார். வகுப்புக்குள் வந்த அதிகாரி, காக்கையும் நரியும் கதையைப் பற்றிப் பேச்செடுக்கிறார். அவ்வளவுதான். காக்கையின் அலகில் இருந்தது எந்த வகைப் பாலாடைக்கட்டி என்று வழக்கு மூள்கிறது. ரோக்ஃபோர் என்கிறான் ஒருவன். காமம்பேர் என்கிறான் எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் அல்செஸ்த். காமம்பேர் வழிந்து ஒழுகும், நாற்றம் வேறு, அதைக் காக்கை எப்படித் தூக்கும் என்று மடக்குகிறான் ருஃபுஸ். நாறினாலும் தின்ன நன்றாக இருக்குமே என்று அல்செஸ்த் விடாமல் வாதாடுகிறான். வகுப்பு இரண்டுபடுகிறது. கடைசியில் அதிகாரி ஆசிரியையிடம் தம் அனுதாபத்தைத் தெரிவிக்கிறார். ஆசிரியர் வேலை எப்பேர்ப்பட்ட தவம் என்பதை இன்றுபோல் என்றும் உணர்ந்ததில்லை என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் கிளம்பிப் போய்விடுகிறார். கதையைச் சொல்லும் நிக்கோலாவுக்கு ஒரே மனக்குறை. எங்களால்தானே டீச்சருக்குப் பாராட்டுக் கிடைத்தது, அப்படியிருந்தும் எங்கள் எல்லோருக்கும் தண்டனை கொடுத்துவிட்டாரே, இது என்ன நியாயம் என்று முடிக்கிறான்.

அந்த முடிவில்தான் இந்தக் கதையின் மொத்தக் கலையும் இருக்கிறது. அதிகாரி சொன்னது பாராட்டு அன்று என்று கதையில் யாரும் சொல்வதில்லை. நிக்கோலாவுக்கு அது தெரியாது. எழுத்தாளரும் வாயைத் திறப்பதில்லை. படிக்கிற எட்டு வயதுப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த கணத்தில் சிரிப்பு பீறிடுகிறது. ஆரம்பப் பள்ளியின் நடு வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளுக்கான வேடிக்கைப் புத்தகங்கள் உலகில் ஏராளம். அவற்றில் ரெனே கோசினி எழுதி, ழான்-ழாக் சாம்பே படம் வரைந்த ‘குட்டி நிக்கோலா’ கதைகளை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் இந்த நம்பிக்கைதான். குழந்தையின் அறிவின்மேல் எழுத்தாளர் வைக்கும் முழு நம்பிக்கை.

கோசினி தமிழ் வாசகர்களுக்கு அந்நியர் அல்லர். சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் வழியே நம் வீடுகளுக்குள் நுழைந்த லக்கி லூக் கதைகளில் மிகச் சிறந்தவை அவர் எழுதியவை. 1926-இல் பாரிஸில் பிறந்து, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் வளர்ந்து, அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். சாம்பே 1932-இல் போர்தோ நகரை ஒட்டிய ஊரில் பிறந்தவர். வறுமையும் அடியும் வீட்டுச் சண்டையும் நிறைந்த தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் பேட்டிகளில் ஒளிக்காமல் பேசியவர். நிக்கோலா முதலில் 1955-இல் பெல்ஜிய வார இதழ் ஒன்றில் சித்திரக் கதையாக வந்தான். பிறகு 1959 ஈஸ்டரில், போர்தோவின் ஞாயிறு இதழில், எழுத்தும் படமும் தனித்தனியாக நிற்கும் கதையாக மறுபிறவி எடுத்தான். அதே ஆண்டில்தான் கோசினி, ஓவியர் உதர்சோவுடன் சேர்ந்து ஆஸ்டெரிக்ஸ் சித்திரக் கதையையும் தொடங்கினார். 1960 முதல் 1964 வரை ஐந்து நிக்கோலா புத்தகங்கள் வந்தன.

சித்திரக் கதையிலிருந்து உரைநடைக்கு மாறியது சின்ன மாற்றம் அன்று. சித்திரக் கதையில் நடப்பது முழுவதையும் நாமே பார்த்துவிடுகிறோம். உரைநடையில் எல்லாம் நிக்கோலாவின் வாய் வழியாகவே வந்தாக வேண்டும். அவனோ பார்த்ததைச் சரியாகச் சொல்வான். அதன் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்வான். கண் கூர்மை, கணிப்பு பிசகு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் வாசகப் பிள்ளைக்கு இடம் போட்டுக் கொடுக்கிறார் கோசினி.

அவன் பேசும் விதத்தைக் கவனியுங்கள். மூச்சு விடாமல் ஓடுகிற வாக்கியங்கள். அப்புறம் அவன் இதைச் சொன்னான், அப்புறம் இவன் அவனைத் தள்ளினான், அப்புறம் டீச்சர் வந்தார் என்று பள்ளிவிட்டு ஓடிவந்த பிள்ளை பையைக்கூடக் கழற்றாமல் கொட்டுகிற அதே ஓட்டம். பெரிய செய்தி, சின்னச் செய்தி என்ற பாகுபாடு கிடையாது. ஒருவன் மூக்கில் ரத்தம் வருவதும் அல்செஸ்தின் ரொட்டி கீழே விழுவதும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வருகின்றன. பெரியவர் யாராவது சொல்லியிருந்தால் முக்கியமானதை மேலே தூக்கி வைத்து, மற்றதை ஒதுக்கியிருப்பார். ஒதுக்காமல் சொல்வதால்தான் சிரிப்பு வருகிறது. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ‘ஒழுங்கின்மை’க்குப் பின்னால் எத்தனை கணக்கு இருக்கிறதென்று. எந்தச் செய்தி எந்த இடத்தில் விழ வேண்டும், எது மூன்று வரி தள்ளித் திரும்பி வர வேண்டும் என்பதெல்லாம் கோசினியின் கையில் அளந்து வைத்தவை.

அடுத்தது, வகுப்புத் தோழர்கள். அல்செஸ்துக்குத் தீனி. எத் பலசாலி, நண்பர்களின் மூக்கில் குத்துவது அவனுக்குப் பிடிக்கும். ழோஃப்ருவாவின் அப்பா பெரும் பணக்காரர், மகன் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பார். ருஃபுஸின் அப்பா போலீஸ்காரர். கிளோத்தேர் வகுப்பில் கடைசி. அன்யான் முதல் மாணவன், டீச்சரின் செல்லம், ஆனால் கண்ணாடி போட்டிருப்பதால் ஆசைப்பட்ட அளவுக்கு அவனை அடிக்க முடிவதில்லை. இந்த அறிமுகங்களைக் கதைக்குக் கதை, முதல் முறை சொல்வதுபோல, நிக்கோலா திரும்பச் சொல்கிறான். பெரியவர்களுக்குச் சலிப்புத் தட்டலாம். எட்டு, ஒன்பது வயதில் இதுதான் விருந்து. அன்யானின் பெயர் வந்ததுமே கண்ணாடி வரப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தது வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி ஒன்று. வருகிற இடம் எதிர்பாராததாக இருக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி இன்னொன்று. கோசினி இரண்டையும் ஒருசேரத் தருகிறார். வகுப்புக் குழுப் படம் எடுக்கும் கதையில், எல்லோரும் சுத்தமாக வர வேண்டிய நாளில், ழோஃப்ருவா செவ்வாய்க் கிரகவாசி வேடத்தில் வந்து நிற்கிறான். பணக்கார அப்பாவின் பையன் என்பது நமக்கு முன்பே தெரிந்த சங்கதி. அது செவ்வாய்க் கிரகம்வரை போகும் என்றுதான் நினைத்திருக்க மாட்டோம்.

படம் எடுக்கும் அந்தக் கதை கட்டுமானத்திலும் பாடம். நோக்கம் மிக எளிது: வரிசையாக நின்று ஒரு படம். ஒரு மூலையில் சின்ன உரசல் தொடங்குகிறது. அதைத் தீர்க்க வந்தவன் இன்னொன்றைக் கிளப்புகிறான். ஒவ்வொரு பையனும் தன் குணத்துக்கு உண்மையாக மட்டுமே நடக்கிறான். யாரும் வேண்டுமென்று குழப்பம் செய்வதில்லை. ஒருவழியாக எல்லாம் அடங்கி, எல்லோரும் புன்னகையோடு தயாராகும்போது புகைப்படக்காரர் அங்கே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். கதை முடிந்தது. அவர் ஏன் போனார் என்ற விளக்கமோ, ஒழுங்கின் அவசியம் பற்றிய அறிவுரையோ கிடையாது. நான்கைந்து பக்கங்களில் ஆரம்பித்து, ஏறி, சட்டென்று நிற்கும் இந்த வடிவத்தில் ஒரு சொல்லைக்கூட உருவ முடியாது.

பெரியவர்களைக் கோசினி நடத்தும் விதம் இன்னும் நுட்பமானது. இந்த வயதுக்கான பல புத்தகங்களில் பெரியவர்கள் அரக்கர்கள் அல்லது அசடுகள். ரோல்ட் டால் அந்த வழியில் மன்னர். அவருடைய ‘ட்விட்ஸ்’ தம்பதி போன்ற அருவருப்பான ஜோடியைப் பிள்ளைகள் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. நிக்கோலாவின் உலகில் பெரியவர்கள் நல்லவர்கள். களைத்துப் போனவர்கள். கொஞ்சம் சீண்டினால் அவர்களும் பையன்களாகிவிடுவார்கள். மகனுக்கு வாங்கிய புது மிதிவண்டியில் தன் திறமையைக் காட்ட அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர் பிளேதூரும் போட்டி போடுகிறார்கள். வண்டியின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு கதையில் பையன்களின் கௌபாய் விளையாட்டில் அப்பா மரத்தோடு கட்டப்படுகிறார், பிறகு மறக்கவும் படுகிறார். தோட்டத்தில் தனியாகக் கத்திக்கொண்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டும் இருக்கும் அப்பாவைப் பார்த்து நிக்கோலா வியக்கிறான்: இப்படித் தனியாகவே விளையாடி மகிழத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! இதில் கேலி துளியும் இல்லை. மகன் மனமாரப் பாராட்டுகிறான். அவனுடைய அன்பு உண்மையாக இருப்பதால்தான் நம் சிரிப்பிலும் கசப்பு இல்லை.

சாம்பேயின் கோடுகள் இதே குரலைப் படத்தில் தொடர்கின்றன. பெரும்பாலும் பக்கத்தில் வெள்ளை இடம் அதிகம். பையன்கள் சிறிய உருவங்கள். பள்ளி மைதானத்துச் சண்டையை வரைந்தால் மையம் என்று ஒன்று இருக்காது. ஒவ்வொரு சின்ன உருவமும் தன் காரியத்தில் மும்முரமாக இருக்கும். மூக்கு ஒரு வளைவு, கண் ஒரு புள்ளி. ஆனால் யார் முறைக்கிறான், யார் நழுவுகிறான், யார் தின்கிறான் என்று தெளிவாகத் தெரியும். எழுத்து எதை ஒதுக்காமல் சொல்கிறதோ, படமும் அதை ஒதுக்காமல் காட்டுகிறது. பிள்ளைகள் இந்தப் படங்களில் நெடுநேரம் தங்கிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதலில் அல்செஸ்தைத் தேடிப் பிடிக்கிறார்கள், பிறகு அவன் கையில் இருக்கும் பண்டத்தை.

இதே நம்பிக்கையை வேறு பாதையில் அடைந்தவர் அமெரிக்காவின் பெவர்லி கிளியரி. அவர் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் குழந்தைகள் நூலகராக இருந்தபோது, தங்களைப் போன்ற சாதாரணப் பையன்களைப் பற்றிய புத்தகம் இல்லையா என்று சிறுவர்கள் வந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து 1950-இல் ‘ஹென்றி ஹக்கின்ஸ்’ பிறந்தது. பின்னால் ரமோனா என்ற சிறுமியின் கதைகள் வந்தன. ரமோனாவும் வேடிக்கை காட்ட நினைப்பதே இல்லை. ஆப்பிள்களை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி கடித்து வைக்கிறாள். முதல் கடிதானே ருசி! மழலையர் வகுப்பில் ஆசிரியை, ஒரே நாளில் நகர மன்றத்துக்கு அடித்தளம் தோண்டிய இயந்திரக்காரரின் கதையைப் படிக்கிறார். அத்தனை நேரமும் அவர் ஒன்றுக்கு எப்படிப் போனார் என்று ரமோனா கேட்கிறாள். வகுப்பு முழுவதும் பதிலுக்குக் காத்திருக்கிறது. 1981-இல் வந்த புத்தகத்தில் எட்டு வயது ரமோனா, எல்லோரையும்போல வேகவைத்த முட்டையைத் தலையில் தட்டி உடைக்கிறாள். அம்மா தவறுதலாகப் பச்சை முட்டையை வைத்து அனுப்பியிருக்கிறார். கோசினி சிரிப்போடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் கிளியரி ஓரடி மேலே போகிறார். அதற்குப் பிறகு ரமோனாவின் காதில், அவள் ஒரு தொல்லை என்று ஆசிரியை யாரிடமோ சொல்வது விழுகிறது. இப்போதுதான் சிரித்த பிள்ளைக்கு அடுத்த பக்கத்தில் தொண்டை அடைக்கும். நிக்கோலாவைப் படிப்பவர் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். ரமோனாவைப் படிப்பவர் அவளாகவே ஆகிவிடுகிறார். இரண்டு வழியிலும் பிள்ளை தன் காரியத்தில் முழு அக்கறையோடு இருக்கிறது. வேடிக்கை காட்டும் பொறுப்பை அதன் தலையில் கட்டாததுதான் இரண்டு எழுத்தாளர்களுக்கும் பொதுவான நாகரிகம்.

இன்றைய வேடிக்கைப் புத்தகங்கள் பலவற்றில் நான் காணும் குறை இங்கேதான். பாத்திரம் வாசகரைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. எழுத்தை வளைத்து, பெரிதாக்கி, மூன்று ஆச்சரியக்குறி போட்டு, இங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். குழந்தை சிரிக்கத்தான் செய்யும். ஆனால் அது கண்டுபிடித்த சிரிப்பாக இருக்காது.

நிக்கோலாவை ஆங்கிலத்தில் படிக்க விரும்புவோருக்கு ஆன்தியா பெல்லின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆஸ்டெரிக்ஸை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவர். பையன்கள் சிலரின் பெயரை மாற்றியிருந்தாலும் குரலை மாற்றவில்லை. வாய்விட்டுப் படித்துக் காட்டுவோருக்கு ஒன்று சொல்வேன். குரலை ஏற்றி இறக்கி நடிக்காதீர்கள். வானொலிச் செய்தியைப் போல நேராகப் படித்துக்கொண்டே போங்கள். கடைசி வரி வந்ததும் நிறுத்திவிடுங்கள். விளக்க வேண்டாம், காத்திருங்கள். சில பிள்ளைகளுக்கு உடனே வரும், சிலருக்குச் சற்றுத் தாமதமாகும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையைத் தாண்டிய பிள்ளை அடுத்துக் கற்க வேண்டியது, எழுதாததைப் படிப்பது. பேசுகிறவர் சொல்வது வேறு, அவர் சொல்வதிலிருந்து நமக்குத் தெரிவது வேறு என்று உணர்வது. பின்னாளில் புதுமைப்பித்தனைப் படிக்கவும், செய்தித்தாளைப் படிக்கவும், எதிரே இருக்கும் மனிதரைப் படிக்கவும் இந்தத் திறமைதான் வேண்டும். பள்ளிப் பாடங்கள் இதைக் கேள்வி பதிலாகச் சொல்லிக் கொடுக்கப் பாடுபடுகின்றன. கல்வி அதிகாரியின் கதையைப் படித்துத் தானாகச் சிரித்த பிள்ளை அதை யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டுவிட்டது. புரிந்ததா என்று கேட்கவே தேவையில்லை. மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையிலுள்ள பிள்ளைகளுக்கு வேடிக்கைப் புத்தகம் பாடத்துக்கு நடுவே கொடுக்கும் மிட்டாய் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டும் முதல் உயர்ந்த இலக்கியம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.