செருக்கும் பெருமிதமும்

"அடம்பன் கொடியுந் திரண்டால் மிடுக்கு" என்பது ஈழத்தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பயின்று வரும் பழமொழி. கடற்கரை மணலிலே படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடி ஒன்றினைச் சிறு பிள்ளையும் எளிதிற் பிடுங்கிவிடும். பல கொடிகள் முறுகித் திரண்டவிடத்தோ வலியோனும் அவற்றை அறுத்தல் அரிது. மன்னார்ப் பெருநிலத்திலே அடம்பன் எனப் பெயரிய ஊரும் ஒன்றுண்டு. இப்பழமொழியில் வரும் மிடுக்கு என்னும் சொல் வலிமை என்னும் நற்பொருளையே தருகின்றது. ஆயின், "அவன் மிடுக்கு மிகுந்தவன்" என ஒருவர் கூறும்போது அது புகழுரையோ பழியுரையோ என்பது கூறுவோரின் குரலாலன்றித் துணியப்படாது. சொல் ஒன்றே, பொருளோ இருவேறு திசைகளில் இழுக்கப்படுகின்றது.

செருக்கு, தருக்கு, இறுமாப்பு, அகந்தை, ஆணவம், மமதை, கர்வம், திமிர் என்பனவற்றை ஒருபொருட் பன்மொழிகளாக நிரல்படுத்தி மாணவர்க்குக் கற்பித்தல் வழக்கமாயிற்று. இவை யாவும் ஒன்றற்கொன்று உறவுடையன என்பதில் ஐயமில்லை. எனினும் உறவுடைமை வேறு, ஒன்றாதல் வேறு. இச்சொற்களின் வேறுபாட்டை அறியாதவன் பிறருடைய நற்பண்பினைக் குற்றமென்று பழிக்கவும், தன் குற்றத்தை நற்பண்பென்று பாராட்டவும் கூடும். ஆகலின் இவ்வாராய்ச்சி அகராதி அளவில் நின்றுவிடுவதன்று, ஒழுக்கத்தொடும் இயைபுடையது.

இச்சொற்களுட் சில உடம்பினின்றும் எழுந்தவை. திமிர் என்பது உறுப்பு மரத்து உணர்விழந்து நிற்றலைக் குறிக்கும் சொல். பிறர் நோவினை உணராத நெஞ்சினையும் அச்சொல்லாற் சுட்டிய முன்னோரின் நுண்ணறிவு வியத்தற்குரியது. மதம் என்பது களிற்றின் வெறியை நினைப்பூட்டுவது. ஈழநாட்டுப் பேச்சு வழக்கிலே பயிலும் தடிப்பு என்னும் சொல், மென்மையாய் இருத்தற்குரியது தடித்துப் போனமையைக் காட்டும். எடுப்பு என்பதோ தன்னைத் தானே உயரத் தூக்கிக் காட்டுதலாம். செருக்கு என்னும் சொல் கள்ளுண்டார்க்கு உண்டாகும் களிப்பினையும் மயக்கத்தினையும் குறிக்கும். தன் கால் தள்ளாடுவதைக் கள்ளுண்டவன் அறியான், காண்பாரே அறிவர். செருக்குடையான் நிலையும் அதுவே.

வேறு சில சொற்கள் தத்துவ நூல்களினின்றும் வழக்கிற்கு வந்தவை. அகங்காரம் என்பது மனம், புத்தி, சித்தம் என்பவற்றொடு வைத்து எண்ணப்படும் அந்தக்கரணங்களுள் ஒன்று. 'நான்' என்று எழும் உணர்வே அதன் தொழில். மமகாரமோ 'எனது' என்று பற்றுவது. வள்ளுவர் துறவு என்னும் அதிகாரத்திலே (குறள் 346) இவ்விரண்டினையும் ஒருங்கே செருக்கு என்று சுட்டினர். அவ்விடத்துச் செருக்கு என்பதற்குப் பரிமேலழகர் மயக்கம் எனப் பொருளுரைத்தமை, அச்சொல்லின் அடிப்பொருளை நன்கு உணர்ந்தே என்க.

ஆணவம் என்னும் சொல்லின் வரலாறு இவை எல்லாவற்றினும் சுவையுடையது. உலக வழக்கில் அது தன்னைப் பெரியனாக எண்ணுதலைக் குறிக்கின்றது. சொல்லின் பிறப்போ அணு என்பதினின்றும் ஆயது. இயல்பிலே வியாபகமாகிய உயிரை அணுத்தன்மைப்படுத்திச் சிறுக்கச் செய்வது ஆணவம் என்பது சைவசித்தாந்தத் துணிபு. பெருத்தல் என்று உலகம் கருதுவதனைச் சிறுத்தல் என்று சாத்திரம் பெயரிட்டது! உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே இருண்மல நிலை என்னும் பகுதியில் மேலும் ஒரு நுட்பத்தை விளக்குவர். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது. தான் ஆணவம் உடையேன் என்று ஆணவமுடையான் அறியாமைக்குக் காரணம் இதுவே.

இனி, பெருமிதம் என்னும் சொல்லை நோக்குவோம். தொல்காப்பியர் அதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்துக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் அதன் நிலைக்களன் என்றார். அது குற்றமாயின் இந்நான்கின்கண் தோன்றுமாறு யாங்ஙனம்? வள்ளுவரிடத்தோ ஒரு முரண் போலத் தோன்றுவது காணப்படுகின்றது. குற்றங்கடிதல் அதிகாரத்தின் முதற் குறளில் (431) செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதாரது செல்வம் பெருமிதத் தன்மையுடையது என அச்சொல்லை உயர்த்திக் கூறினர். பெருமை அதிகாரத்திலோ (979) பெருமிதம் இல்லாமையே பெருமை என்றும், பெருமிதத்தின் எல்லைவரை செல்லுதலே சிறுமை என்றும் அதனையே தாழ்த்திக் கூறினர். பரிமேலழகர் முன்னையதற்கு மேம்பாடு என்றும், பின்னையதற்குத் தருக்கு என்றும் வேறுவேறு பொருள் கொண்டனர்.

உரையாசிரியர் கூறியது பொருந்துவதே. ஆயினும் ஒரு சொல்லே இருபொருள் பயந்தமைக்குக் காரணம் ஆராயத்தக்கது. முதற் குறளிலே பெருமிதத்தைக் காண்பவர் பிறர். அதனை உடையவர் தம்மை அவ்வாறு எண்ணினார் என்னும் குறிப்பு ஆண்டு இல்லை. பிற்குறளிலே பெருமிதம் ஒருவன் தன் நெஞ்சினுள் தன்னைக் குறித்துக் கொள்ளும் மதிப்பாகும். மெய்ப்பாடு என்பதும் மெய்யின்கண் தோன்றிக் காண்போரால் உணரப்படுவதே அன்றோ? எனவே, பிறர் காணும் பெருமிதம் அணி. தானே கண்டு களிக்கும் பெருமிதம் பிணி. சொல் மாறவில்லை, காணும் கண்ணே மாறிற்று.

இவ்வாறே மானம் என்னும் உயர்ந்த சொல்லும் மாட்சிமையின் நீங்கியவழிக் குற்றமாம் என்பது குறள் 432 ஆற் பெறப்படும். மறுதலையாக, இழிந்ததெனக் கருதப்படும் செருக்கும் காமத்துப்பாலிலே (1193) காதலரால் விரும்பப்பட்ட மகளிர்க்கு உரிய நம்பிக்கையாய் ஏற்றம் பெறுகின்றது. பணிவிற் சிறந்த நாவுக்கரசரும் திருவங்கமாலையிலே இறைவன் சேவடிக்கீழ்ச் சென்று இறுமாந்திருக்க விழைந்தனர். தன்னை முற்றும் தாழ்த்திய இடத்திலே இறுமாப்பும் தூய்மையடைந்தது.

அங்ஙனமாயின், குற்றமாகிய செருக்கினை அறிந்துகொள்ளும் அளவுகோல் யாது? அடம்பனுக்கு அண்மையில், மாதோட்டத்துப் பாலாவிக் கரையில் உள்ள திருக்கேதீச்சரப் பதிகம் அதற்கு வழிகாட்டும். சம்பந்தர் இப்பதிகத்தை இராமேச்சரத்தில் இருந்துகொண்டே பாடினர் என்பது பெரியபுராண வரலாறு. தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணன் மலையெடுத்த செய்தியை அமைக்கும் தம் வழக்கத்தை அவர் ஈண்டும் விட்டிலர். இலங்கை மண்ணிலுள்ள தலத்தைப் பாடும்போது, இலங்கை வேந்தனை அவன் தலைமை தோன்றவே சுட்டி, அவன் அடர்க்கப்பட்டதனையும் அருள்பெற்றதனையும் ஒருங்கு கூறினர். இராவணன் கயிலையை எடுத்தது எற்றுக்கு? தன் தேர் செல்லும் வழியிலே அது நின்றமையால். தன் வழிக்கு யாவும் விலகல் வேண்டும் என்னும் எண்ணமே செருக்கு. மானமுடையோன் எவரையும் விலகச் சொல்லான். தான் தன் நிலையினின்றும் தாழேன் என்று மட்டுமே நிற்பான். பிறரை அசைக்க முயல்வது செருக்கு. தான் அசையாது நிற்பது மானம்.

இவ்வேறுபாடு மறக்கப்படுமிடத்து நேரும் தீங்கு பெரிது. வலியோர் தம் செருக்கினைப் பெருமிதம் என்று அழைத்துக்கொள்வர். எளியோரின் மானத்தைத் திமிர் என்று ஏசுவர். கூலி குறைவென்று நிமிர்ந்து கூறும் உழைப்பாளியும், ஐயம் தீரும்வரை வினாவும் மாணவனும் தடிப்புடையர் எனப் பெயர் பெறுதல் காண்கின்றோம். அவர்கள் எவருடைய மலையை எடுத்தனர்? கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களிலே முற்றிய கதிர் தலைசாயும். சப்பிக்கதிர் நிமிர்ந்தே நிற்கும். இவ்வுவமையைக் கூறி இளைஞரைப் பணியச் சொல்வோர் பலர். ஆனால் பால்பிடிக்கும் பருவத்து இளங்கதிரும் நிமிர்ந்தே நிற்பதன்றோ? அதனைச் சப்பி என்று அறுத்தெறிபவன் நல்ல கமக்காரன் ஆகான்.

ஆதலால் ஒருவனைச் செருக்கன் என்று கூறுமுன் இரண்டினை ஆராய்தல் வேண்டும். அவன் பிறரை விலகச் சொல்கின்றானா, அன்றித் தன்னிலையில் நிற்கின்றானா என்பது ஒன்று. அச்சொல்லை நாவிலே கொணர்வது நம்முடைய செருக்குத்தானோ என்பது மற்றொன்று. பின்னையது காண்டற்கரிது, தன்னைக் காட்டாதிருத்தலே ஆணவத்தின் இயல்பு என்று சாத்திரம் முன்னரே கூறிவிட்டது. திரண்ட அடம்பங்கொடியை இழுத்து அறுக்க இயலாதவன் கொடிக்குச் செருக்கென்று கூறலாம். அது மிடுக்கு என்பதே பழமொழி கண்ட உண்மை.